உள்வரிசைப் பல்

ஒரு வார்த்தை சொல்ல நவமணிக்குப் பன்னிரண்டு வருஷம் இருந்தது. சொன்னாளா? இல்லை.

1924-இல் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய புருஷன் லாரன்ஸ் காய்ச்சலில் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. ஏழு வயது மகள் ரீத்தாவுக்குக் கீழ்வரிசைப் பால்பற்கள் விழாமலே, அவற்றின் பின்னால் இரண்டு பல் முளைத்தன.

"ரெட்டை வரிசைப் பல்லு குடும்பத்துக்கு ஆகாது அண்ணி. அண்ணனைத் தின்னாச்சு, இனி யாரோ!" என்றாள் நாத்தனார் ஐரீன். அவள் வாயில் கொள்ளி வைக்க!

நவமணி பிள்ளையைச் சூலியா தெருவுக்கு இழுத்துப் போனாள். பல் பிடுங்கும் சீனக் கிழவர் ரீத்தாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டுக் குறட்டைக் கீழே வைத்தார். "ஜாங்ஙான்லா! வேண்டாம்," என்று மலாய் மொழியில் தெளிவாகச் சொன்னார். "உள்ளே இருப்பதுதான் சாகும்வரைக்கும் இருக்கிற பல். பிடுங்கினால் வேறு முளைக்காது."

பயம் பிடித்தவளுக்குக் காது ஏது? சந்தையோரம் குறடும் கையுமாக உட்கார்ந்திருந்த வேறொருவனிடம் போனாள். அவன் ஒன்றும் கேட்காமல் உள்வரிசைப் பல் இரண்டையும் பிடுங்கினான். ரீத்தா போட்ட அலறலில் மீன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளையின் கையை அமுக்கிப் பிடித்தது பெற்றவள்தான்.

அடுத்த வருஷம் பால்பற்களும் விழுந்தன.

"எப்பம்மா முளைக்கும்?"

"முளைக்கும்டி. உனக்குக் கொஞ்சம் லேட்டு."

இரண்டு வருஷம் கேட்டாள், பிறகு விட்டுவிட்டாள். கையால் வாயை மூடிச் சிரிக்கப் பழகிக்கொண்டாள். நவமணி ஈஸ்டருக்கு ஈஸ்டர் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து அழுதாள். மகளிடம் சொல்ல மட்டும் பாவிக்கு வாய் வரவில்லை.

பத்தொன்பது வயதில் ரீத்தாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பெர்னார்ட், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை, நல்ல பையன். அவன் அம்மா, "கையை எடுத்துட்டுப் பேசும்மா," என்றாள். ரீத்தா எடுத்தாள்.

"அய்யய்யோ, பொறப்புலயே இல்லியா? நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் இப்படித்தானே வரும்?"

ரீத்தா அம்மாவைப் பார்த்தாள். 'நான்தான் பிடுங்கவெச்சேன்' என்று ஒரு வார்த்தை போதும், சம்பந்தம் முறிந்திருக்காது. நவமணி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள்.

ரீத்தா கோப்பைகளை எடுத்து அடுக்கினாள்.

"அந்தச் சீனக் கிழவர் சொன்னப்போ நாற்காலியில உட்கார்ந்திருந்தது நான்தானேம்மா? எனக்கும் மலாய் தெரியும். நீயா சொல்லுவேன்னுதான் அப்போ ரெண்டு வருஷம் கேட்டுட்டிருந்தேன். இன்னிக்காவது நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

கோப்பைகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.