இரண்டு கல்பாலங்களுக்கு நடுவே

"...அப்புறம், சண்டைக்காரி பாலைக் குடுத்துட்டான்னு லயத்து வீடு முழுக்க நீ சொல்லக் கூடாது பாரு, அதான் கேக்கேன். ஒம் பிள்ளை பசியில அழுவுது. நான் பால் குடுக்கட்டா, ஏட்டி?" என்று அக்கரையிலிருந்து கத்தினாள் எஸ்தர்.

எழுபதுகளில், ஏலப்பாறைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கொழுந்து கிள்ளினேன். மத்தியானம் காப்பகத்துக்குப் போய்க் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து வருவது வழக்கம். அன்று அடைமழை. குறுக்குவழியென்று துரை பங்களா வழியாகப் போனேன். வெள்ளைக்காரன் விட்டுப்போன பாழடைந்த வீடு அது. இரு பக்கமும் ஓடை, பழைய கல்பாலங்கள். ஒன்றைத் தாண்டினேன், அடுத்தது வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. திரும்பினால், வந்த பாலத்தையும் காணவில்லை. கூரையில்லாத அந்தச் சுவர்களுக்குள் பால் கட்டி மார்பு வலிக்க, ஓடைக்கரைக்கும் வாசலுக்குமாக அலைந்தேன்.

அப்போதுதான் காப்பகத்துப் பக்கக் கரையில் எஸ்தர் வந்து நின்றாள். அவளும் பால் கொடுக்கும் தாய்தான். குழாயடிச் சண்டையில், "ஒன் வீட்டு நல்லது கெட்டதுக்கு வரமாட்டேன்" என்று சொல்லிப் பேச்சை நிறுத்தியவள். அன்று அவள் கேட்டதுபோல் அவ்வளவு மரியாதையாக அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

"குடு" என்றேன். இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. தலைக்குமேல் கைகூப்பினேன்.

அவள் கொழுந்து கிள்ளக் கட்டியிருந்த இடுப்புச் சாக்கை அவிழ்த்து எறிந்துவிட்டு, காப்பகத்து மேட்டில் ஓடினாள்.