அந்தப் பதினோரு நிமிடம்

துஷாந்தினி அக்காவின் வேலையை வாடிக்கையாளர் யாராவது கவனித்துவிட்டால், ஏதோ தப்பாகிவிட்டது என்று அர்த்தம். மாண்ட்ரியலில், தொலைபேசியில் விட்டுச்செல்லும் குரல் செய்திகளைச் சேமித்து வைக்கும் நிறுவனம் எங்களுடையது. அக்காவுக்கு என் பக்கத்து மேசை. இப்போது அது காலி.

ஒவ்வொரு செய்தியும் இரண்டு சர்வர்களில் இருக்கும். செட்டிங்கை மாற்றுவதென்றால் ஒன்றை நிறுத்தி மாற்றுவோம். அதுவரை மற்றது தனியாகச் சமாளிக்கும். நின்றது மறுபடி ஓடத் தொடங்கி, இடையில் தவறவிட்டதையெல்லாம் பிரதி எடுத்து முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். சேவை நிற்காது என்பதால் பட்டப்பகலிலேயே செய்வோம். அக்கா இதை இருபது வருடமாகச் செய்தவர். நான் அவசரப்பட்டால், "பொறும் தம்பி, அது இன்னும் முடிக்கேல்லை" என்று கையைத் தட்டிவிடுவார்.

போன பிப்ரவரியில் ஒரு நாள் அவரே பொறுக்கவில்லை. முதல் சர்வர் பச்சை காட்டியது. ஓடுகிறது என்பதற்கான பச்சைதான் அது. பிரதி முடிந்துவிட்டது என்பதற்கல்ல. சரிபார்க்காமல் இரண்டாவதை நிறுத்தினார். அதன் டிஸ்க் மறுபடி எழவே இல்லை. முதல் சர்வர் நின்றிருந்த பதினோரு நிமிடத்தில் வந்த இருபத்துமூன்று செய்திகள் அதோடு போயின.

சேவை ஒரு வினாடிகூட நிற்கவில்லை என்று மேலாளர் எல்லோரையும் பாராட்டினார். நானும் வாயை மூடிக்கொண்டேன். வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கோழைத்தனத்துக்கு அதைவிட நல்ல சாக்கு என்னிடம் இல்லை.

அக்கா மட்டும் வந்த புகார்களை உட்கார்ந்து படித்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புரோசார்ட் என்ற ஊரிலிருந்து றொஷினி என்ற பெண் மூன்று தடவை எழுதியிருந்தார். மருத்துவமனையிலிருந்து கணவர் அழைத்தபோது, குழந்தைகள் காப்பகத்தில் வேலையில் இருந்ததால் எடுக்க முடியவில்லை. செய்தி வந்திருப்பதாகக் காட்டியது. பிறகு திறந்தால் இல்லை. அன்று மாலையே கணவர் இறந்துவிட்டார். அப்படியொரு செய்தி வரவே இல்லை என்று மூன்று தடவையும் எங்கள் ஆட்கள் பதில் எழுதியிருந்தார்கள். அது பச்சைப் பொய். அழைப்புகளின் பட்டியல் வேறொரு கணினியில் பத்திரமாக இருந்தது.

நேரில் போய் உண்மையைச் சொல்லப்போவதாக அக்கா எழுந்தார். நான் தடுத்தேன். "வேணாம்க்கா, வேலை போயிடும்."

"போகட்டும். அந்தப் பிள்ளைக்கு விசர், பைத்தியம் எண்டு சொன்ன மாதிரியெல்லோ இருக்கு."

தன் தப்பை மேலாளருக்கு எழுதி அனுப்பிவிட்டு என் காரில் ஏறினார்.

றொஷினி எங்களை உள்ளே கூப்பிடவில்லை. அக்காவும் சுற்றி வளைக்கவில்லை. "உங்கட அவர் மெசேஜ் விட்டவர்தான். அதைத் துலைச்சது நான்."

"என்ன சொன்னவர்?"

"தெரியாதம்மா. ஒருத்தரும் கேக்கேல்லை. எவ்வளவு நேரம் எண்டு மட்டும் பதிஞ்சிருக்கு. ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு செக்கன்."

திட்டுவார் என்று நினைத்தேன். றொஷினி கதவைப் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூச்சு விட ஏலாமல் கிடந்தவர் அக்கா. கடைசி ரெண்டு நாளும் என்ர பேரைக்கூட முழுசாச் சொல்லேல்லை." அக்காவை அண்ணாந்து பார்த்தார். "எவ்வளவு நேரம் எண்டனீங்கள்?"

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி சொன்னார். றொஷினி இன்னொரு தடவை கேட்டார். அக்கா இன்னொரு தடவை சொன்னார்.