வேர்நுனி கறுத்த நாட்கள்

தொண்டையில் கட்டி வந்து, சில மாதங்களுக்கு வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் பாடம் சொல்லியே பழகிய எனக்கு அது சிறை. நெல்லித்தோப்பு மாடி வீட்டில் பகல் முழுக்கத் தனியாக இருந்தேன். துணைக்கு மூன்று ஆர்க்கிட் செடிகள்.

கரியிலும் தேங்காய் மட்டையிலும் இருந்த அவற்றைச் சுட்ட களிமண் உருண்டைகளுக்கு மாற்றினேன். உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் தொட்டி. அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், உருண்டைகள் அதை உறிஞ்சி வேருக்குக் கொடுக்கும். வேர் வளர்வதை உட்கார்ந்து பார்க்கலாம் என்பதுதான் என் ஆசை.

பார்த்தது அழிவைத்தான். பச்சையாக இருந்த வேர்நுனிகள் கறுத்தன. பிறகு வேரே சுருங்கி நூலானது. தண்ணீர் அதிகமோ என்று குறைத்தேன். வெயிலோ என்று ஜன்னல் மாற்றினேன். செத்த வேரை வெட்டி, பூஞ்சை பிடிக்காமலிருக்க லவங்கப்பட்டைத் தூள் தடவினேன். உருண்டைகள் மேல் வெள்ளையாகப் பூத்ததும், உரம்தான் காரணம் என்று அதையும் நிறுத்தினேன். எதற்கும் கேட்கவில்லை. இலைகள் துவண்டு தொங்கின. கத்த வேண்டும் போலிருந்தது, கத்தவும் முடியாது. தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதேன்.

ஒரு மத்தியானம், வேறு வழி தெரியாமல், ஓர் உருண்டையை எடுத்து நக்கினேன். உப்புக் கரித்தது.

என் கணவர் நோணாங்குப்பத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறார். செடி மாற்றிய வாரம் வீட்டில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் பழுது. உருண்டைகளின் தூசியை அலசித் தருவதாக மூட்டையை அவர்தான் எடுத்துப் போயிருந்தார். சாயங்காலம் அவர் உள்ளே நுழைந்ததும் அந்த உருண்டையை அவர் வாயருகே நீட்டினேன்.

நக்கிப் பார்த்தவர் முகம் மாறியது. "ஆத்துலதான அலசினேன்..."

"அது கடல் ஏறுற ஆறுய்யா!"

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவர் பதறி என் வாயைப் பொத்தினார். "ஐயோ, பேசாத, பேசாத!"

கையைத் தட்டிவிட்டேன். "படகு ஓட்டுறவனுக்கு உப்புத் தண்ணி தெரியாதா? மூணையும் கொன்னுட்டியே!"

"தூசு போவணும்னு மட்டுந்தாம்மா நெனச்சேன். நீ வாய மூடு, தொண்ட போயிடும். எழுதிக் காட்டித் திட்டு, படிக்கிறேன்."

மறுநாள் அவர் படகுக்குப் போகவில்லை. கேன் தண்ணீரில் உருண்டைகளை ஊறவைத்து, கொட்டி, மறுபடி ஊறவைத்து, ஒவ்வொரு தடவையும் தானே நக்கிப் பார்த்தார். நான் உதவவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

இரண்டு செடிகள் பிழைக்கவில்லை. மூன்றாவதன் தண்டோரம் அரிசியளவு ஒரு புது வேர் எட்டிப் பார்த்தது. கத்தியதில் தொண்டை புண்ணாகி, டாக்டர் என் மௌனத்தை இன்னும் நீட்டினார். அந்த வேர் உருண்டைகளுக்குள் இறங்குமா, நுனி கறுக்குமா என்ற பயத்தில், எழுந்ததும் முதலில் ஜன்னலுக்குத்தான் போவேன். சில காலைகளில் எனக்கு முன்பே அவர் அங்கே குனிந்து நின்றிருப்பார்.