ஒரு ஃப்ளாப்பியோடு சென்னையில் ஒரு நாள்

திண்டுக்கல்லில் ஏறிய ரயில் வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு எழும்பூரில் வந்து நின்றது. 1999, ஜூலை மாதம். சென்னைக்குப் போய்வந்தவர்கள் கடற்கரையைப் பற்றியும் துணிக்கடைகளைப் பற்றியும் எழுதுவார்கள். நான் கடற்கரைப் பக்கமே போகவில்லை. துணிக்கடைத் தெருவில் நடந்தேன், ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை. என் தங்கை ஸ்டெல்லாவின் முகத்தை ஊருக்கு எடுத்துப்போக வந்திருந்தேன்.

இருபத்தாறு நாளுக்கு முன்பு சைதாப்பேட்டையில் சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துபோனாள். சவப்பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். மூடியபடியே மாதா கோவிலுக்குக் கொண்டுபோய், மூடியபடியே அடக்கம் செய்தோம். அம்மா பலகையைத் தடவித் தடவிப் பார்த்தாள். மகளை அவள் பார்த்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் இருந்ததோ பன்னிரண்டு வயதில் கோவிலில் உறுதிபூசுதல் சடங்குக்கு எடுத்த படமும், பரீட்சை ஹால் டிக்கெட்டில் முறைத்துக்கொண்டிருக்கும் ஒரு படமும்தான். கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிகிறவள்.

அடக்கத்துக்கு வந்திருந்த கண்ணன், அவள் கணக்கு எழுதிய பட்டறை முதலாளியின் மகன், போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். புதிதாக வாங்கிய டிஜிட்டல் கேமராவில் அக்கா சிரிக்கிற படம் ஒன்று இருக்கிறது என்று. அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். "எம் பிள்ளை முகத்தை ஒரு தடவை பாத்துட்டாப் போதும்டா. முப்பதாம் நாள் பூசைக்குக் குடுக்கிற நினைவு அட்டையிலயும் அதத்தான் போடணும்" என்றாள்.

எட்டரை மணிக்கு மின்சார ரயிலில் கிண்டி. டிக்கெட் நான்கு ரூபாய். அங்கிருந்து ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஆட்டோ, பேரம் பேசி இருபத்தைந்து.

"இன்னா சார் விசேஷம்?" என்று டிரைவர் கேட்டார்.

"ஒரு போட்டோ வாங்கணும்."

"போட்டோவுக்கு ஈக்காட்டுத்தாங்கலா? அங்க லேத்து பட்டறதான் சார் கீது."

பட்டறையில் ஸ்டெல்லாவின் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான் யாரென்று தெரிந்ததும் பதறி எழுந்து நின்றாள். அவள் மேல் என்ன தப்பு? ஆனாலும் எனக்கு அந்த நாற்காலியைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கண்ணன் கேமராவைக் கொண்டுவந்தார். சோற்று டப்பா அளவு. பக்கவாட்டில் ஒரு ஃப்ளாப்பியைச் செருக வேண்டும். ஒரு படம் எடுத்தால் கிர்ர் கிர்ர் என்று ஐந்தாறு விநாடி எழுதிக்கொண்டிருக்குமாம். ஃப்ளாப்பியைக் கழற்றி ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் நெற்றி, பிறகு கண், பிறகு சிரிப்பு.

நியாயமாகச் சொன்னால் மோசமான படம். ட்யூப் லைட் வெளிச்சத்தில் சுவர் பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தது. ஜன்னல் வெந்து வெளுத்துப் போயிருந்தது. புடவையின் சிவப்பு ஓரம் தாண்டி அவள் கைமேல் வழிந்திருந்தது. தலைமுடி எல்லாம் நீலமும் ஊதாவுமாகப் புள்ளி. ஆனால் ஸ்டுடியோவில் மூச்சைப் பிடித்து நிற்கிற படங்களில் இல்லாத ஒன்று இதில் இருந்தது. பாதி உயர்ந்த கையோடு, "போதும் கண்ணா, வேலையப் பாரு" என்று அடுத்த நொடி சொல்லப்போகிறவள் போல இருந்தாள். அந்தப் புள்ளிகளெல்லாம் சேர்ந்து லேசாக அசைவது போலக்கூடத் தோன்றியது. வெட்கத்தை விட்டு அங்கேயே அழுதேன்.

ஃப்ளாப்பியை ஒரு காகித உறையில் போட்டு, "பத்திரம் சார்" என்று கொடுத்தார். நெகட்டிவ் அவரிடம் இருக்கும் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன். என் வயதுக்காரர்கள் யாரானாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பதினொன்றரைக்குத் தியாகராய நகர். ரங்கநாதன் தெருவில் முட்டி மோதி நடந்து, ஒரு சந்தில் மாடியேறினேன். கல்யாணப் பத்திரிகையும் நினைவு அட்டையும் கம்ப்யூட்டரில் செய்து தருகிற சின்னக் கடை. பாஸ்கர் என்கிற இளைஞர் மவுஸைப் பிடித்தபடி படத்தைப் பார்த்தார்.

"இன்னா சார், இவ்ளோ புள்ளியா கீது? டச்சப் பண்ணிக் குடுத்துர்றேன். மூணு மணிக்கு மேல வாங்க."

ஊரில் ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலால் தூசியை மறைப்பாரே, அதுபோல என்று நினைத்து, "செய்ங்க தம்பி" என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இடைப்பட்ட நேரத்தில் பஸ்ஸில் மயிலாப்பூர். கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் அவள் பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நான்கு புடவை, ஒரு குடை, ஜெபமாலை, பாதி தீர்ந்த பவுடர் டப்பா. ஆறு வருஷச் சென்னை வாழ்க்கை ஒரு கையில் தூக்கும் கனம்தான் இருந்தது. மதியச் சாப்பாடு பதினெட்டு ரூபாய். ரசத்துக்கு மேல் இறங்கவில்லை.

மூன்றே முக்காலுக்குத் திரும்பினேன். பாஸ்கர் பெருமையோடு திரையை என் பக்கம் திருப்பினார். வானநீலப் பின்னணியில் சிவப்பாக, வழவழப்பாக ஒரு பெண். உயர்ந்த கை இல்லை. வாய் மூடியிருந்தது.

"யார் தம்பி இது?"

"உங்க சிஸ்டர்தான் சார். பல்லு தெரிஞ்சிகினு இருந்துச்சா, மூடிட்டேன். செத்தவங்க சிரிச்சா நல்லா இருக்காதுன்னு எல்லாருமே மூடச் சொல்வாங்க. கலரும் ஏத்தி வுட்டுருக்கேன்."

"பழைய படத்தைக் காட்டுங்க."

அவர் கை மவுஸ்மேல் அப்படியே நின்றது. "ஹார்ட் டிஸ்க்குல எடம் இல்ல சார். அதான் உங்க ஃப்ளாப்பிலயே, அதே பேர்ல சேவ் பண்ட்டேன்."

"சரி, நெகட்டிவ்ல இருந்து…"

"இதுக்கு நெகட்டிவே கெடயாது சார்."

கத்தினேன். பத்திரிகை பார்க்க வந்த கல்யாண வீட்டார் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். பாஸ்கர் எழுந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. இறந்துபோன எத்தனையோ பேரை அழகாக்கிக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியவர், என் ஒருவனிடம் திட்டு வாங்கினார். அட்டையில் படமே வேண்டாம், சிலுவையும் பெயரும் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டு ஃப்ளாப்பியோடு இறங்கினேன். அச்சடித்துத் தபாலில் அனுப்புகிறேன், காசு வேண்டாம் என்றார்.

மறுபடியும் ஈக்காட்டுத்தாங்கல். ஐந்து கிலோமீட்டர், ஆட்டோவுக்கு முப்பத்தைந்து. இந்தத் தடவை பேரம் பேசவில்லை. கண்ணனிடம் வேறு பிரதி கிடையாது. சும்மா பார்ப்போம் என்று ஃப்ளாப்பியைக் கேமராவிலேயே போட்டார். பின்பக்கச் சின்னத் திரையில் ஆறு குட்டிப் படங்கள் வந்தன. மூன்றாவதில் ஸ்டெல்லா. பச்சைச் சுவர், உயர்ந்த கை, சிரிப்பு.

"இருக்காங்க சார்!" என்று கண்ணன் கத்தினார்.

பொத்தானை அழுத்தியதும் அந்த வழவழப்புக்காரி பெரிதாக வந்து நின்றாள். திரும்பிப் போனால் மறுபடி ஸ்டெல்லா.

"எடுக்கும்போதே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குட்டிப் படம் தனியா எழுதிவெச்சிருக்கும் போல சார். அவர் பெருசத்தான் மாத்தியிருக்காரு. இத அவர் பாத்தே இருக்க மாட்டாரு."

அந்தக் குட்டியைக் கம்ப்யூட்டர் திறக்க மறுத்தது. கண்ணன் அரைமணி நேரம் போராடினார். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. "இந்தத் திரையவே பிலிம் கேமராவுல ஒரு போட்டோ எடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

அவரிடம் இருந்த பிலிம் கேமராவில் மூன்று படம் மிச்சம். ஃப்ளாஷ் போட்டு எடுத்தார். கண்ணாடி பளீரென்று அடித்தது, அது வீண் என்று அப்போதே தெரிந்தது. விளக்கையெல்லாம் அணைத்து, கேமராவை ஸ்டூல்மேல் புத்தகங்களை அடுக்கி வைத்து, மூச்சுவிடாமல் மற்ற இரண்டையும் எடுத்தார். அவருடைய ஸ்கூட்டரில் அடையாறு. ஒரு மணி நேரத்தில் கழுவித் தருகிற கடை. மூன்றில் ஒன்றுதான் தேறியது. அதிலும் கறுப்புக்கு நடுவே சின்னச் சதுரம், அதற்குள் சல்லடைக் கோடுகளுக்குப் பின்னால் அவள். ஏழு மணி வாக்கில் எழும்பூரில் என்னை இறக்கிவிட்ட கண்ணன், என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

இப்போது என் மகளின் கல்லூரித் தோழிகள் அந்தக் காலத்து டிஜிட்டல் கேமராக்களைத் தேடி வாங்குகிறார்கள். இன்றைய படங்கள் ரொம்பத் தெளிவாம், அந்தப் பழைய நிறத்திலும் புள்ளியிலும்தான் உயிர் இருக்கிறதாம். எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. ஆனால் மறுத்துப் பேச மாட்டேன். எல்லாப் புள்ளியையும் துடைத்துவிட்ட ஒரு முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்ததும், குளிக்கக்கூட விடாமல் அம்மா படத்தைக் கேட்டாள். வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டு, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி பார்த்தாள்.

"இவதான்" என்றாள். "இவதான்டா. ஏன்டா இவ்வளவு தூரத்துல நிக்கிறா?"