ஐந்து மணிக்குப் போட்ட தாலாட்டு

சபைக்கு முன்னால் நின்று பேச எனக்குக் கூச்சம். ஆனாலும் கர்த்தர் செய்ததை மூடி வைத்தால் நான் நன்றி கெட்டவள். சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூர் பஜாரில் எங்களுக்கு ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை. ஜனங்கள் பிடித்த பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், காலி கேசட்டில் பதிந்து தருவோம். மெஷினை என் வீட்டுக்காரர் ஜெயசீலன் பார்த்துக்கொள்வார். எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது என்று வரிசை போடுவது என் வேலை. லாரி டிரைவருக்கு ஒரு மாதிரி, கல்யாண வீட்டுக்கு ஒரு மாதிரி. அந்த வரிசைக்காகவே வாணியம்பாடியிலிருந்துகூட ஆள் வரும்.

பிறகு எம்.பி.3 சிடி வந்தது. ஒரே சிடியில் நூறு பாட்டுக்கு மேல். கேசட்டை யார் தேடுவார்கள்? ஈ ஓட்டினோம். அதே வருஷம் மே மாதம் அவருக்குப் பக்கவாதம். வலது கை விழுந்தது, பேச்சும் போனது. அந்தக் கடைதான் அவருக்கு உயிர். தினமும் கைத்தாங்கலாக வந்து மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

கடை ஓனர் வந்தார். "யம்மா, செல்போன் கடைக்கு இடம் கேக்குறாங்க. இந்த மாசம் பார்ப்பேன். வியாபாரம் இல்லன்னா சாவியைக் குடுத்துடுங்க" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

நம் சபை சிஸ்டர் ஒருவர் வேறு, "சினிமாப் பாட்டு பதிஞ்சிக் குடுத்துக்குனு இருந்தா ஆசீர்வாதம் எப்படி வரும்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "அந்தப் பாட்டு போட்ட கல்யாணத்துல நீங்க பிரியாணி சாப்டலையா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தேன்.

முழங்காலில் நின்று அழகாக ஜெபித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் சண்டை போட்டேன். "ஆண்டவரே, சிடி எழுதுகிற மெஷின் ஒன்று தாரும். இல்லாவிட்டால் நீரே வந்து இந்தக் கடையை இழுத்து மூடும்" என்று கத்தினேன். மூன்று நாள் உபவாசம் இருந்தேன்.

மெஷின் வரவில்லை. நசீர் பாய் வந்தார். ஷூ கம்பெனியில் தையல் பகுதிக்கு அவர்தான் சூப்பர்வைசர்.

"அக்கா, தையல் லைன்ல சிடி போட்டு ஒரே பேஜாரா இருக்குது. சோகப் பாட்டு முடிஞ்ச கையோட குத்துப் பாட்டு வருது. பொண்ணுங்க தலைவலின்றாங்க. வசந்தான்னு ஒரு பொண்ணு கேசட் எடுத்தாந்துச்சு, அது ஓடுற வரைக்கும் வேலை ஜம்முனு போச்சு. கேட்டா உங்க கடையில பதிஞ்சதுன்னு சொல்லுது. ஒரு வாரத்துக்கு நீங்க வரிசை போட்டுக் குடுங்க. மேனேஜருக்குப் பிடிச்சா மாசாமாசம் சம்பளம்."

உயிரைக் கொடுத்து வரிசை போட்டு, மெஷினையும் நானே ஓட்டிப் பதிந்தேன். காலையில் மூன்று மதத்துப் பக்திப் பாட்டும். பதினோரு மணிச் சோர்வுக்குத் துள்ளல் பாட்டு. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்துக்குப் பாட்டே இல்லாமல் டேப் ஓடும். நாலாம் நாள் சாப்பாட்டுக்குப் பிறகு இதமாக இருக்கட்டும் என்று புதிதாக ஒரு தாலாட்டு.

அங்கேதான் கெட்டது. அன்றைக்கு மத்தியானமே நசீர் பாய் ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் லைனில் பாதிப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள்! கண் கலங்கினால் தையல் நேராக வருமா? கோணல் தையல் விழுந்த தோல் ஒரு கூடை நிறையக் கிடந்தது.

"இன்னாம்மா இது? பாட்டு போடச் சொன்னா அழ வைக்கிறீங்க?" என்று மேனேஜர் கத்தினார்.

பிள்ளை பெற்றவள்தானே நான், இதுகூடத் தோன்றவில்லையே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். சுவரோடு ஒட்டி நின்று, "ஆண்டவரே, கோபத்தில் கேட்டேன், மன்னியும். என்னைக் கைவிடாதேயும்" என்று மனசுக்குள் கெஞ்சினேன். அன்றைக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

அப்போது வசந்தா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். அவளும் என்னைத் திட்டப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"சார், அந்தப் பாட்டை எடுத்துடாதீங்க. அஞ்சு மணிக்குப் போடச் சொல்லுங்க. கொழந்தையைப் பார்க்கப் போற நேரம், சந்தோஷமா இருக்கும்" என்றாள். "ஆமா சார், ஆமா சார்" என்று மொத்த லைனும் சேர்ந்துகொண்டது. மேனேஜர் கூடையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். பிறகு, "சரி, நாளைக்கு மாத்திப் போடுங்க, பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் ஐந்து மணிக்குத் தாலாட்டு ஓடியது. பெண்கள் டிபன் பாக்ஸைப் பையில் போட்டபடி கூடவே பாடினார்கள். சனிக்கிழமை நசீர் பாய், "மாசம் பொறந்தா ஆபீஸ்ல வந்து சம்பளம் வாங்கிக்குங்க அக்கா" என்றார். பிறகு இன்னும் இரண்டு கம்பெனிகள் கேட்டு வந்தன. சாவி என் இடுப்பிலேயே இருக்கிறது.

நசீர் பாய் மசூதிக்குப் போகிறவர். வசந்தா அம்மன் கோயிலுக்குப் போகிறவள். என் ஜெபத்துக்குப் பதிலாகக் கர்த்தர் யாரையெல்லாம் அனுப்பினார், பாருங்கள்! அந்த சிஸ்டரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். சிஸ்டர், அன்றைக்குப் பேசியதற்கு மன்னித்துவிடுங்கள். பிரியாணிக்கும் சேர்த்து.

உங்களில் யாருக்காவது ஆண்டவர் மேல் கோபம் இருந்தால், கோபத்தோடேயே போய்க் கேளுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். போன மாதம் ஒரு நாள் சாயங்காலம் வசந்தாவும் மற்றவர்களும் எங்கள் கடை வழியாகப் பாடிக்கொண்டே போனார்கள். உள்ளே இன்னொரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பேச்சு வராத என் வீட்டுக்காரர், இடது கையால் மேஜையைத் தட்டிக்கொண்டு, அந்தத் தாலாட்டின் முதல் வரியை வார்த்தை பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார்.