ஓர் அங்குலம் குறைந்த குழல்

பிள்ளைகளே, நான் சுட்ட அந்தக் குறித்தாள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஐந்து வெடி. ஐந்து துளையும் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. முந்தைய மாதம் அதே றைபிளில், அதே அளவு வெடிமருந்தில் விழுந்த ஐந்தையும் ஒரு போத்தல் மூடியால் மறைத்திருக்கலாம்.

உங்கள் மாமா எனக்கு அத்தான், அக்காவின் கணவர். நாங்கள் வந்து குடியேறிய பென்டில் ஹில்லில், அவருடைய கராஜில்தான் இலக்குச் சுடும் போட்டிகளுக்கு நாங்கள் தோட்டா செய்தோம். அவர் மருந்து நிறுப்பார். நான் மருந்து போட்ட பித்தளைக் கோதில் குண்டை வைத்து அழுத்துவேன். "வெடிக்குப் பயந்து ஓடி வந்ததுகள், இஞ்ச வந்து தாங்களே வெடி செய்யுதுகள்" என்று சொல்லி அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போவா.

சுடும்போது குழல் அதிரும். அந்த அதிர்வு குழலின் அடிக்கும் நுனிக்குமாக ஓடித் திரியும். அது நுனியில் நிற்கும் கணத்தில் குண்டு வெளியேறினால் தடம் பிசகும். அடிப்பக்கம் போன கணத்தில் வெளியேறினால் எல்லாம் ஒரே இடத்தில் விழும். "அப்பா வாசல்ல நிக்கேக்க படத்துக்கு ஓட ஏலுமே? ஆள் குசினிக்குள்ள போகேக்கதான் ஓடவேணும்" என்று அத்தான் சிரிப்பார். மருந்தைக் கூட்டியும் குறைத்தும், சுட்டுச் சுட்டுப் பார்த்து, என் குழலுக்கென்றே அந்தக் கணத்தை இரண்டு மாதம் தேடிப் பிடித்தவர் அவர்.

முன்பக்கத்தால் கம்பி விட்டுக் குழலைத் துடைக்காதே, வாய் விளிம்பு கெட்டுவிடும் என்று அவர் பலமுறை சொல்லியிருந்தார். அவசரத்தில் நான் அப்படித்தான் துடைத்தேன். விளிம்பு தேய்ந்துவிட்டது. ஏச்சு விழுமென்று, அவருக்குத் தெரியாமல் துப்பாக்கி திருத்துபவரிடம் கொடுத்து ஓர் அங்குலம் வெட்டுவித்தேன். குழல் குறுகினால் குண்டு வெளியேறும் நேரமும் மாறும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

போட்டியில் எங்கள் அணி என்னால் தோற்றது. எல்லோரும் என் தாளைச் சுற்றி நின்றார்கள். "மருந்து நிறுத்தது அத்தான்தான். அவருக்கு இப்ப கண் கொஞ்சம் மங்கல்" என்றேன். அவர் பக்கத்தில்தான் நின்றார். "ஓம், என்ரை பிழையாத்தான் இருக்கும்" என்றார்.

வீட்டுக்குப் போய் அத்தான் மிச்சத் தோட்டாக்களை எல்லாம் பிரித்து, மருந்தைத் திருப்பி நிறுத்துப் பார்த்தாராம். ஒன்றிலும் பிழையில்லை. ஆனால் இந்த நிறையை வாசித்ததும் அதே மங்கின கண்தானே என்று, அதை அவர் நம்பவில்லை. சுடுவதை விட்டார். பிறகு கார் ஓட்டுவதையும் விட்டார். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கும் அக்காதான் கூட்டிப் போனா. நான் மூன்று வருடம் வாய் திறக்கவில்லை.

மகன், போன கிழமை நீ ஐபாட்டை உடைத்துவிட்டுத் தங்கச்சியைச் சாட்டியபோது உன்னை ஏசினேன். ஏசிய வாய் எனக்கே கூசியது. ஞாயிற்றுக்கிழமை போய் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவ்வளவு வெட்டினவங்கள்?"

"ஒரு அங்குலம், அத்தான்."

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் ஓர் அங்குலம் விரித்துப் பார்த்தார். பிறகு அக்கா சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்சாரும், என்ரை கண்ணில ஒரு பிழையுமில்லையாம்!" என்று கூப்பிட்டுச் சொன்னார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், பிள்ளைகளே. அவர் சந்தோசப்பட்டார். நான் தலையை நிமிர்த்தாமல் கதிரையில் இருந்தேன்.