சித்தப்பா நிலத்தில் முட்டுக் கம்புகள்

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கட்டடப் பொறியியல் வரை படித்தேன். அரியலூர் பக்கத்தில் அப்பா வீடு கட்டத் தொடங்கியபோது, என்னைக் கேட்காமல் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது என்ற வீம்பு எனக்கு இருந்தது.

அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுபவர். எதற்கும் அவரிடம் ஒரே மருந்துதான்.

"சிமெண்டக் கூடப் போட்டா செவுரு எங்க போவுது?"

தனியாக நிற்கும் சுவரைக் காற்றும் நில அதிர்வும் பக்கவாட்டில் தள்ளும், நாலு சுவரையும் சேர்த்துப் பிடிக்க ஜன்னலுக்கு மேலே சுற்றிலும் கான்கிரீட் பெல்ட் ஓட வேண்டும் என்றேன்.

"நம்மூருக்கா பூகம்பம் வரப்போவுது?" என்று கொத்தனார் சிரித்தார்.

"சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல வெடி வச்சா உங்க வூட்டுத் தட்டு ஆடுதுல்லண்ணே?"

அப்பா "பாக்கலாம்" என்றார். அதற்கு மாட்டேன் என்று அர்த்தம்.

அன்று நீளமான மேற்குச் சுவர் தலைக்கு மேல் எழுந்திருந்தது. குறுக்குச் சுவர் இன்னும் இல்லை, கல்லுக்கு இடையில் வைத்த சாந்து ஈரம்கூடக் காயவில்லை. சாயங்காலம் வானம் செம்மண் நிறமாக மாறியது. சுழற்றி அடிக்கும் காற்றுக்கு இரண்டு பக்கமும் முட்டு வேண்டும். உள்பக்கம் சவுக்குக் கம்புகளால் முட்டுக் கொடுத்துவிட்டோம். வெளிப்பக்கம் சித்தப்பா நிலம். பாகம் பிரித்ததிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை.

"அவன் மண்ணுல கம்பு ஊன மாட்டேன். வுழுந்தா வுழுவட்டும்" என்றார் அப்பா.

வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். பெண் பிள்ளைக்கு எதற்கு காலேஜ் என்று கேட்டவர் சித்தப்பா. அவரிடம் போய் நிற்க மனம் வரவில்லை. புழுதி கிளம்பியதும் போனேன்.

"என்னம்மா இன்ஜினியரம்மா, படிச்ச செவுரு தானா நிக்காதா?"

"நிக்கும் சித்தப்பா. காஞ்சதும் நிக்கும். இன்னிக்கு வுழுந்தா உங்க மாட்டுக்கொட்டாய் மேலதான் வுழும்."

"அதான பாத்தேன், சும்மாவா வருவா!" என்றவர் கடப்பாரையோடு எழுந்தார். குழி தோண்டியதும் அவர்தான்.

அன்று இரவு காற்று ஊரில் கூரைத் தகரங்களைப் பிடுங்கிக்கொண்டு போனது. சுவர் நின்றது.

காலையில் கம்புகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சுவருக்குத் தண்ணீர் ஊற்ற வந்து, தம்பி நிலத்தின் ஓரத்தில் வாளியோடு நின்றுவிட்டார்.

"கம்ப எப்பம்மா எடுப்ப?" என்றார் சித்தப்பா.

"பெல்ட் போட்டுக் காஞ்சதும்" என்றேன், அப்பாவுக்குக் கேட்கும்படி.

அப்பா வாளியை வைத்தார். "பெல்ட்டுக்குக் கம்பி எவ்வளவு வேணும், சொல்லு" என்றார்.

மேற்கே மறுபடி புழுதி தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே கணக்குச் சொன்னேன்.